வெறுங்கை

நான்காவது வாய்தாவிலும் மகாராஜனின் கையில் ஒன்றும் இல்லை.

செம்பாறைப்பட்டி நடுவர் நீதிமன்றத்தின் சுவர்த்திரையில் அந்தக் காட்சி மறுபடியும் ஓடியது. பேட்டரி ஆலையின் வாசல். வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள். கோஷம் போட்டபடி நாற்பது பேர். ஜீப்பிலிருந்து இறங்கும் ஆலைக் காவல் மேற்பார்வையாளன் மகாராஜன் வலது கையை நேரே நீட்டுகிறான். விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்தாற்போல் மடங்கியிருக்கின்றன. ஆனால் பிடிக்குள் இருப்பது காற்றுதான். யாரோ பக்கத்து வீட்டில் கதவைச் சாத்தியதுபோல் ஒரு மழுங்கிய சத்தம். கூட்டத்துக்கு நடுவே நின்ற திரவியம் சரிந்து விழுகிறான். பிறகு காட்சி அவனை நோக்கி ஓடுகிறது, தரை ஆடுகிறது, அதற்குமேல் ஒன்றும் விளங்கவில்லை.

ஓடியது மங்கையற்கரசி. திரவியத்தின் அக்கா. காட்சியைப் பதிந்தது அவள் முகத்தில் மாட்டியிருந்த கண்ணாடி.

அதுதான் பெரிய கொடுமை. எதிர்த்தரப்பு பொய்ச்சாட்சி எதையும் தேடி அலையவில்லை. தம்பி செத்த அன்று சாயங்காலம் காவல் நிலையத்தில் கேட்டபோது மங்கை கண்ணால் கண்டதை அப்படியே சொன்னாள். “மகாராஜன் கையை நீட்டினார். கையில் எதுவும் இல்லை.” அவள் சொன்னது, அவள் கையெழுத்து. ஆலையின் வக்கீல் அந்தத் தாளை ஒவ்வொரு வாய்தாவிலும் சாமி படம்போல் தூக்கிக் காட்டினார்.

“எங்கள் காவலர்களிடம் துப்பாக்கியே கிடையாது என்று முதல் நாளிலிருந்து சொல்லி வருகிறோம்,” என்றார் அவர். “கூட்டத்தில் யாரோ நாட்டுத் துப்பாக்கி கொண்டுவந்திருக்கிறார்கள். வாசலில் நின்ற நாற்பது பேரும் மகாராஜனின் கையை வெறுங்கை என்றுதான் சொல்கிறார்கள். இறந்தவரின் சொந்த அக்காவும் அதைத்தான் சொல்கிறார்.”

துப்பாக்கியைப் பார்த்தேன் என்று சொன்னவர் ஒரே ஒருவர். ஆடு மேய்க்கும் பேச்சிமுத்து. ஊரிலேயே கண்ணாடி போடாத நாலைந்து பேரில் அவரும் ஒருவர். நாற்பது பேர் சொல்வதை விட்டுவிட்டு ஓர் ஆட்டுக்காரரை எந்த நீதிமன்றம் நம்பும்? திரவியத்தின் நெஞ்சைத் துளைத்துப் போன குண்டு சீமைக்கருவேலங் காட்டுக்குள் எங்கோ விழுந்தது. கிடைக்கவேயில்லை.

கண்ணாடிகளைச் செய்து இலவசமாகக் கொடுக்கும் ‘நயனம்’ நிறுவனத்திடம் மழுப்பாத அசல் பதிவைக் கேட்டு நடுவர் கடிதம் எழுதியிருந்தார். அதற்குப் பதில் வந்திருந்தது. அசல் என்று தனியாக எதுவும் இல்லையாம். கண்ணாடியில் தெரிவது எதுவோ அதுதான் பதிவாகிறதாம். பிரமாணப் பத்திரத்தில் சத்தியம் செய்து எழுதியிருந்தார்கள்.

நடுவர் ஐம்பதை ஒட்டிய பெண்மணி. அதிகம் பேசாதவர். “அடுத்த வாய்தாவோடு முடிவு செய்யப்போகிறேன்,” என்றார். “புதிதாக ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் புகாரைத் தள்ளுபடி செய்வதைத் தவிர எனக்கு வழியில்லை.”

மூன்றாவது வரிசையில் மகாராஜன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். மங்கை அவன் கையையே பார்த்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த விதி பிறந்தபோது நல்ல பிள்ளையாகத்தான் பிறந்தது. இணையத்தில் துப்பாக்கிக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்றார்கள். யார் வேண்டாம் என்று சொல்வார்கள்? மங்கைகூட அப்போது கைதட்டியவள்தான். அடுத்து, துப்பாக்கி தெரிகிற படத்துக்குப் பக்கத்தில் எங்கள் விளம்பரம் வரக் கூடாது என்று சேலைக்கடைக்காரர்களும் நகைக்கடைக்காரர்களும் கேட்டார்கள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அப்புறம் நயனம் வந்தது. கண்ணாடி இலவசம், பார்க்கிற திசையெல்லாம் விளம்பரம் மிதக்கும். பஸ் நம்பருக்குப் பக்கத்தில் பல்பொடி, கோயில் கோபுரத்துக்குப் பக்கத்தில் கொலுசு. உலகம் முழுவதுமே விளம்பரத்துக்குப் பக்கத்து இடமாகிப்போனது. அதனால் உலகத்திலிருந்தே துப்பாக்கியைத் துடைத்தார்கள். போலீஸ்காரர் தோளிலும், மணிமண்டபத்துச் சிலையின் கையிலும், வாசலில் நிற்கும் காவலாளியின் இடுப்பிலும். துப்பாக்கிகள் எதுவும் குறையவில்லை, கண்ணில் படுவது மட்டும் நின்றது. கண்ணாடியைக் கழற்றலாம்தான். கழற்றினால் பஸ் எங்கே போகிறது என்று தெரியாது, கடையில் விலை தெரியாது, ஆலையில் வருகை பதியாது. யார் கழற்றுவார்கள்?

மங்கைக்குப் பிழைப்பே அந்த மிதக்கும் விளம்பரங்கள்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரே சின்னதாக ஒரு கடை. பரோட்டாக் கடை, கல்யாண மண்டபம், கண் ஆஸ்பத்திரி என்று ஊரில் உள்ள எல்லோருக்கும் விளம்பரம் தயாரித்து நயனத்துக்கு அனுப்புவாள். எது உள்ளே போகும், எது திரும்பி வரும் என்பது அவளுக்கு அத்துப்படி.

வாய்தா முடிந்த மறுநாள் கடைக்குப் பட்டாசுக்கடை ஜெயராஜ் அண்ணாச்சி வந்தார். வந்ததும் வராததுமாகப் புலம்பலை ஆரம்பித்தார்.

“ஒரு நியாயத்தைக் கேளு மங்கை. தீவாளிக்குப் பொம்மைத் துப்பாக்கி ரெண்டு அலமாரி நிறைய அடுக்கி வச்சிருக்கேன். வாறவன் பூராவும் ‘என்ன அண்ணாச்சி, அலமாரி காலியாக் கெடக்கு’ன்னு கேட்டுட்டுப் போறான். கண்ணாடியைக் கழத்திட்டுப் பாருலேன்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லிட்டிருக்க முடியுமா?”

“அதுக்கு நான் என்ன அண்ணாச்சி செய்யட்டும்?”

“ரெண்டு வருசத்துக்கு முன்னால என் பேரனை வச்சு ஒரு விளம்பரம் எடுத்தியே, அதை ஓட்டு. நல்லா இருந்துது.”

“அது உள்ளயே போகலை. தள்ளுபடி ஆயிட்டு. கையில துப்பாக்கி இருக்குன்னு லெட்டர் போட்டாங்கல்லா.”

“எங்க இருக்கு? காட்டு பாப்போம்.”

மங்கை திரையில் அதைத் தேடி எடுத்தாள். அண்ணாச்சியின் பேரன் புதுச்சட்டையோடு நிற்கிறான். கையை நீட்டிச் சிரிக்கிறான். கையில் ஒன்றும் இல்லை.

“வெறுங்கையைத்தான நீட்டிட்டு நிக்கான்,” என்றார் அண்ணாச்சி. “லெட்டரு எங்க?”

கடிதத்தையும் திறந்தாள். ‘விளம்பரம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: சுடுகருவி (பொம்மை). இடம்: மூன்றாம் வினாடி, குழந்தையின் வலது கை. நிறம்: சிவப்பு.’

அண்ணாச்சி கடிதத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், திரும்பவும் கடிதத்தைப் பார்த்தார். “என் கண்ணுக்குத் தெரியல, உன் கண்ணுக்கும் தெரியல. பெறவு இதை எழுதுனவன் கண்ணுக்கு மட்டும் செவப்புக் கலரு எப்படித் தெரிஞ்சுது?”

“விளம்பரமா வாறதை மட்டும் மழுப்புறதுக்கு முன்னாலயே பாப்பாங்க அண்ணாச்சி. ஒருக்க உள்ள விட்டுட்டா விளம்பரத்து மேல கண்ணாடி கை வைக்காது. பட்டுச்சேலைக் கலரு துளி மாறினாலும் கடைக்காரரு சும்மா இருப்பாரா? அதனால உள்ள விடுறதுக்கு முன்னாடியே அசலைப் பாத்து...”

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். கடிதத்தை மறுபடியும் பார்த்தாள்.

“என்னம்மா, என்ன ஆச்சு?” என்றார் அண்ணாச்சி.

“அசலைப் பாத்துதான் அண்ணாச்சி லெட்டர் எழுதுறாங்க,” என்றாள் மங்கை. “அசல் இருக்கு.”

அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. அவரை மத்தியானம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு மங்கை புது விளம்பரப் படிவம் ஒன்றைத் திறந்தாள். காட்சி என்ற இடத்தில், நயனத்தின் கிடங்கில் இருக்கும் தன் கண்ணாடிப் பதிவைச் சேர்த்தாள். அது அவளுடைய சொத்து, யாரையும் கேட்க வேண்டியதில்லை. எதை விளம்பரப்படுத்துகிறீர்கள் என்று கேட்டது. ‘திரவியம், வயது இருபத்தாறு’ என்று எழுதினாள்.

படிவத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாலும் நயனம் பார்க்காமலே திருப்பி அனுப்பிவிடும். அதனால் தொழில் சுத்தமாக எல்லாவற்றையும் நிரப்பினாள். எங்கே காட்ட வேண்டும்? வழக்கமாக எல்லோருக்கும் போடுகிற மூன்று இடங்கள்தான்: பேருந்து நிலையம், அரசு ஆஸ்பத்திரி, நீதிமன்ற வளாகம். கூட்டம் எப்போதும் அங்கேதான் இருக்கும். யாருக்குக் காட்ட வேண்டும்? அங்கே இருக்கிற எல்லோருக்கும். தனியாக வேறு யாருக்கு? கல்யாண போட்டோக்காரர்களுக்காக அவள் அடிக்கடி அழுத்துகிற பொத்தான் ஒன்று உண்டு. ‘குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட இடத்தில் இருந்தவர்கள்.’ மண்டபத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் ஆல்பம் காட்டுவதற்கு. இப்போது மண்டபத்துக்குப் பதிலாக ஆலை வாசலைக் குறித்தாள். தம்பி செத்த தேதியைப் போட்டாள். பார்ப்பவர் தவிர்க்கலாமா? கூடாது. எப்போது தொடங்க வேண்டும்? அனுமதி கிடைத்தவுடன்.

அனுமதி கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். கிடைக்காமல் போவதற்காகத்தான் அனுப்பினாள்.

ஒன்பது நிமிடத்தில் பதில் வந்தது.

‘விளம்பரம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: சுடுகருவி (கைத்துப்பாக்கி). இடம்: பதினான்காம் வினாடி, சீருடை அணிந்தவரின் வலது கை. நிறம்: கறுப்பு.’

மங்கை அந்தக் கடிதத்தை ஏழெட்டு முறை படித்தாள். கறுப்பு என்ற சொல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எட்டு மாதமாகத் தன் கண்ணையே தான் சபித்துக்கொண்டிருந்தவள் முதன்முறையாக வாய்விட்டு அழுதாள். அழுகையோடு கோபமும் வந்தது. ஒன்பது நிமிடம். ஒரு பொம்மைத் துப்பாக்கிக்குக் கொடுக்கிற அதே மரியாதையோடு, ஒன்பதே நிமிடத்தில் சொல்லிவிட்டார்களே.

வழக்கறிஞர் நைனா முகமது கடிதத்தை வாங்கி மூக்குக்கு நேரே வைத்துப் படித்தார். மங்கையின் தெருக்காரர். வழக்கை அவராகவே எடுத்துக்கொண்டவர்.

“கெட்டிக்காரத்தனம்தான் தங்கச்சி. ஆனா இது மெஷின் எழுதுன காயிதம். மெஷின் தப்பாச் சொல்லிருச்சு, டார்ச் லைட்டைத் துப்பாக்கின்னு நெனச்சிருச்சுன்னு ஒரே வரியில ஊதிருவாங்க. ஒரு மனுசன் பாத்துச் சொல்லணும்.”

“மேல்முறையீடு போட்டா மனுசங்கதான் பாப்பாங்க அண்ணே. ரெண்டு நாள் ஆகும்.”

“மனுசன் மழுப்பினதைப் பாப்பானா, அசலைப் பாப்பானா?”

“அசலைத்தான். மழுப்பினதைப் பாத்துட்டு எதை வச்சு முடிவு சொல்லுவாங்க?”

நைனா முகமது கடிதத்தை மேசையில் வைத்தார். “அப்ப, எங்கேயோ ஒரு ஆளு ஒக்காந்து நாடு பூராவும் நம்ம கண்ணுல இருந்து எடுத்த துப்பாக்கியை எல்லாம் தெனம் பாத்துட்டிருக்கான். அவனுக்கு மட்டும் எல்லாம் தெரியும். அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“பாவம்,” என்றார் அவர். “போடு.”

மேல்முறையீடு போட்ட அன்றே நயனத்தின் மண்டல மேலாளர் பேசினார். பேச்சு தேனாக ஒழுகியது. “மேடம், நீங்க எங்களோட ரொம்ப நாள் பார்ட்னர். உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது. ஆனா தெரிஞ்சே விதிமீறல் பண்ணினா உங்க ஏஜென்சி கணக்கையே மூட வேண்டியிருக்கும். கடைக்குக் கஷ்டம் வந்துரும், பாருங்க.”

“விதிமீறல்னா என்ன சார் மீறல்?” என்று கேட்டாள் மங்கை.

“துப்பாக்கி இருக்கிற காட்சியை விளம்பரமா அனுப்பறது.”

“துப்பாக்கி இருக்குன்னு நீங்களே சொல்லுதீங்களா?”

மறுமுனையில் தேன் கொஞ்சம் உறைந்தது. “நான் பொதுவா சொன்னேன் மேடம். கணக்கை மூடறதைப் பத்தி யோசிச்சுக்கோங்க.”

“மூடுங்க சார். கடைக்குப் பூட்டு என்கிட்டயும் இருக்கு. துப்பாக்கியை விக்கக் கூடாதுன்னா நான் ஏத்துக்குவேன். என் தம்பியைச் சுட்டதைச் சொல்லக் கூடாதுன்னா ஏத்துக்க மாட்டேன். இதை எழுதிக்கிடுங்க.”

போனை வைத்துவிட்டுக் கடையைச் சுற்றிப் பார்த்தாள். பத்து வருடமாக ஒவ்வொரு வாடிக்கையாளராகச் சேர்த்துக் கட்டிய கடை அது. ஆனால் எடுத்த முடிவிலிருந்து அவள் இம்மியும் நகரவில்லை.

இரண்டு நாள் கழித்து மேல்முறையீட்டின் முடிவு வந்தது. வழக்கமாக அதில் ஒரே ஒரு வரி இருக்கும். ‘மனிதர் பரிசீலித்தார். நிராகரிப்பு உறுதி செய்யப்பட்டது.’ கீழே ‘குறிப்பு’ என்றொரு கட்டம் இருக்கும். அதில் யாரும் எதுவும் எழுதியதாக மங்கை பார்த்ததே இல்லை. பரிசீலிப்பவருக்கு ஒரு விளம்பரத்துக்குப் பதினோரு வினாடிதான் கொடுப்பார்கள், எழுத நேரம் ஏது?

இந்த முறை எழுதியிருந்தது.

‘கைத்துப்பாக்கி. ஒருமுறை சுடப்படுகிறது. எதிரில் நிற்பவர் கல் எறியவில்லை. அவர் கையில் சோற்றுத் தூக்கு மட்டும் உள்ளது. நான் ஆறு முறை பார்த்தேன்.’

பெயர் இல்லை. ஓர் எண் மட்டும் இருந்தது.

நைனா முகமது அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. “தூக்குல என்னம்மா கொண்டுபோயிருந்த?”

“புளிச்சோறு,” என்றாள் மங்கை. “அப்பத்தான் அவன் கையில குடுத்துட்டு ரெண்டடி தள்ளி வந்தேன்.”

அடுத்த வாய்தாவுக்கு நயனம் சென்னையிலிருந்து ஒரு பெண் வக்கீலை அனுப்பியது. சாட்சிகளான நாற்பது பேரும் அழைக்கப்பட்டு வராந்தாவில் நின்றிருந்தார்கள். மகாராஜன் அதே மூன்றாவது வரிசையில் அதே கால்மேல் காலோடு இருந்தான். கடிதம் இரண்டையும் நைனா முகமது நடுவரிடம் கொடுத்தார்.

சென்னை வக்கீல் எழுந்தார். குரலில் அவசரமே இல்லை.

“இவை தவறுதலாக அனுப்பப்பட்ட கடிதங்கள். நாளொன்றுக்கு லட்சக்கணக்கான விளம்பரங்கள் வருகின்றன. இயந்திரம் தவறு செய்யும். பரிசீலிக்கும் ஊழியரும் அசதியில் தவறு செய்வார். அந்த ஊழியரை ஏற்கெனவே பணியிலிருந்து நீக்கிவிட்டோம். எங்கள் சட்டப் பிரிவு இந்தக் காட்சியை மறுபடி முழுமையாகப் பார்த்தது. நானே நேற்று மூன்று முறை பார்த்தேன். அதில் துப்பாக்கி இல்லை.”

பணியிலிருந்து நீக்கிவிட்டோம் என்று அவர் சொன்னபோது மங்கைக்குச் சுருக்கென்றது. முகம் தெரியாத அந்த ஆள் ஆறு முறை பார்த்ததற்குக் கொடுத்த விலை அது.

நடுவர் கேட்டார்: “நீங்கள் எதில் பார்த்தீர்கள்?”

“அலுவலகத் திரையில்.”

“அந்தத் திரை யாருடையது?”

“எங்களுடையதுதான். நயனம்.”

நடுவர் எதையோ குறித்துக்கொண்டார். நைனா முகமது எழுந்தார். மங்கை முந்தின நாள் மாலை அவரிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கச் சொல்லியிருந்தாள். அவர் அதைச் சின்னச் சின்னதாக உடைத்துக் கேட்டார்.

“அப்படியானால் இந்த விளம்பரத்தில் துப்பாக்கி இல்லை?”

“இல்லை.”

“உங்கள் கொள்கைக்கு விரோதமாக வேறு ஏதாவது?”

“எதுவும் இல்லை.”

“நிராகரிப்பு?”

“தவறு. திரும்பப் பெறுகிறோம்.”

“திரும்பப் பெற்றால் விளம்பரத்தின் நிலை என்ன?”

சென்னை வக்கீல் முதன்முறையாகத் தயங்கினார். “அதை நிறுவனம் உரிய காலத்தில் முடிவு செய்யும்.”

“உரிய காலம் இதுதான்,” என்றார் நடுவர். “துப்பாக்கி இருக்கிறது என்றால் அசல் உங்களிடம் இருக்கிறது. இல்லை என்று என்னிடம் சத்தியம் செய்தது பொய். துப்பாக்கி இல்லை என்றால் விளம்பரத்தை நிறுத்திவைக்கக் காரணம் இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். பத்து நிமிடம் தருகிறேன்.”

சென்னை வக்கீல் வெளியே போய்ப் போனில் பேசினார். கதவுக் கண்ணாடி வழியாக மங்கை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளம்பரப் பிரிவில் வேலை பார்க்கிற எந்தப் பொடிப்பயலைக் கேட்டிருந்தாலும் ‘அய்யோ மேடம், வேண்டாம்’ என்று அலறியிருப்பான். ஆனால் சட்டப் பிரிவுக்காரர்கள் விளம்பரப் பிரிவுக்காரர்களிடம் போய் எதையும் கேட்பதில்லை. அவர்கள் காட்சியைப் பார்த்தார்கள், அதில் ஒரு மனிதன் வெறுங்கையை நீட்டினான், அவ்வளவுதான். உலகத்தின் கண்ணில் கட்டுவதற்காகத் தைத்த துணியைத் தாங்களும் கட்டியிருக்கிறோம் என்பது அவர்களுக்கு எப்போதோ மறந்துபோயிருந்தது.

அவர் திரும்பி வந்து நிம்மதியாகச் சொன்னார்: “எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. விளம்பரம் அனுமதிக்கப்பட்டுவிட்டது. துப்பாக்கி இல்லை என்பதற்கு இதுவே சான்றாக எடுத்துக்கொள்ளப்பட வேண்டும்.”

“நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்,” என்றார் நடுவர் எழுத்தரிடம். “பதினொன்று இருபது.”

பதினொன்று இருபதுக்கு மங்கையின் கண்ணாடியில் மிதந்துகொண்டிருந்த கொலுசும் பல்பொடியும் மறைந்தன.

ஆலை வாசல் வந்தது. சேலைக்கடை விளம்பரம் வருகிற அதே பளிச்சென்ற நிறத்தில், நூலிழைகூட மழுங்காமல் வந்தது. வராந்தாவில் பேச்சு நின்றது. ஜீப் கதவு திறந்தது. மகாராஜன் இறங்கினான். கையை நீட்டினான்.

இருந்தது.

கறுப்பாக, சின்னதாக இருந்தது. இத்தனை நாளாக மங்கை மனசுக்குள் வரைந்து வைத்திருந்ததைவிட ரொம்பச் சின்னது. இவ்வளவு சின்ன சாமானா என் தம்பியைக் கொண்டுபோனது என்று நெஞ்சு பதறியது. சத்தம் இந்த முறை கதவு சாத்துவதுபோல் இல்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் உடம்பு தூக்கிப்போட்டுக் குலுங்கினார்கள். திரவியத்தின் கையிலிருந்து தூக்கு உருண்டது. மூடி கழன்று சோறு மண்ணில் கொட்டியது.

சென்னை வக்கீல் விரலால் காற்றில் எதையோ தள்ளினார், மறுபடியும் தள்ளினார். அவர் என்ன படித்துக்கொண்டிருப்பார் என்று மங்கைக்குத் தெரியும். ‘இந்த விளம்பரத்தைத் தவிர்க்க இயலாது.’

நடுவர் கண்ணாடியைக் கழற்றக் கை எடுத்தார். பிறகு கையை மேசையில் வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார்.

காட்சி முடிந்தது. எல்லா விளம்பரத்தின் அடியிலும் வருகிற சின்னக் கேள்விக்குறி வந்தது. ‘இது ஏன் எனக்குக் காட்டப்படுகிறது?’ மகாராஜன் அதை அழுத்துவதை மங்கை பார்த்தாள். பழக்கதோஷம், எல்லோரும் செய்வதுதான். அவளும் தன்னுடையதை அழுத்தினாள். இருவருக்கும் ஒரே பதில்தான் வந்திருக்கும்.

‘ஏனெனில் அன்று நீங்கள் அந்த இடத்தில் இருந்தீர்கள்.’

மகாராஜன் போட்டிருந்த காலை இறக்கினான். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எட்டு மாதமாக வெறுங்கையைப் பார்த்துப் பார்த்து அவனே அதை நம்பிவிட்டான்போல.

வராந்தாவில் யாரோ ஒருவன், “இருந்துருக்கு,” என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவன் கண்ணாடியைக் கழற்றினான். பிறகு இன்னொருவன். கழற்றிய கண்ணாடிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாற்பது பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கதவுக்கு வெளியே வரிசை கட்டினார்கள். யாரும் அவர்களை நிற்கச் சொல்லவில்லை.

சென்னை வக்கீல் எழுந்தார். “இது ஒரு விளம்பரம் மட்டுமே. இதைச் சாட்சியமாக...”

“உட்காருங்கள்,” என்றார் நடுவர். “துப்பாக்கி இல்லை என்பதற்கு இதைத்தானே சான்றாக எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள். எடுத்துக்கொண்டேன்.” பிறகு மங்கையின் பக்கம் திரும்பினார். “முதல் சாட்சி ஏதாவது சொல்ல வேண்டுமா?”

மங்கை தன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் மடக்கி வைத்தாள். கூண்டில் ஏறி நின்றாள். கடை இனி மூடின மாதிரிதான். நாளை முதல் எந்தச் சேலைக்கடைக்காரரும் அவளைத் தேடி வரப்போவதில்லை. அதெல்லாம் அப்புறம். வெறுங்கண்ணுக்குக் கூடம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. மூன்றாவது வரிசை நன்றாகத் தெரிந்தது.

“எட்டு மாசத்துக்கு முன்னாடி நான் ஒரு வாக்குமூலம் குடுத்தேம்மா,” என்றாள். “அதுல கடைசி வரியை அடிச்சிருங்க. அவர் கையில இருந்துது. நான் பாத்தேன்.”